புத்தாயிரத்துக்குப் பங்குத்தொகை கட்ட வேண்டியவர் யார்?

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் பெருஞ்சாலை சூலக்கரை மேட்டை ஒட்டித்தான் ஓடுகிறது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி அந்தச் சாலையின் தெற்கு முனையில், கடல் நடுவே உள்ள பாறையில், 133 அடி உயர வள்ளுவர் சிலையை அன்றைய முதலமைச்சர் கருணாநிதி திறந்து வைத்தார். புது ஆயிரமாண்டு பிறந்த நாளே அந்தத் திறப்பு விழாவுக்கும் நாள்!

முந்தின நாள் இரவு ஊரெல்லாம் வாணவேடிக்கை. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிவகாசி வட்டாரத்தில் செய்ததுதான் என்பது ஊரறிந்த செய்தி. அந்த ஆண்டுப் பிறப்பைத் தேதி போட்டுச் சொன்ன நாட்காட்டிகளில் பெரும்பகுதியும் சிவகாசி அச்சகங்களில் அச்சானவைதான். ஆக, புத்தாயிரத்துக்குத் தேதி போட்டதும் இந்த மண். அதை வெடி போட்டு வரவேற்றதும் இந்த மண். ஆனால் வந்த புத்தாயிரம் இந்த மண்ணுக்கு எதைக் கொண்டுவந்தது?

இந்தப் பழைய கேள்வியை இப்போது கிளப்புவதற்குக் காரணம் உண்டு, தோழர்களே! இரண்டு தொகைகளைச் சொல்கிறோம், கேளுங்கள்.

2024 நவம்பர் 10-ம் தேதி விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் ஸ்டாலின் ஓர் அறிவிப்புச் செய்தார். பட்டாசு விபத்தில் மாண்ட தொழிலாளரின் பிள்ளைகள் படிப்புச் செலவை, உயர் படிப்பு உட்பட, சர்க்காரே ஏற்கும். அதற்கு முதல் கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றார். நல்ல அறிவிப்பு. வரவேற்கிறோம். காலங்கடந்து வந்தாலும் வரவேற்கிறோம்.

ஐம்பது நாள் கழிந்தது. டிசம்பர் 30-ம் தேதி கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையின் வெள்ளி விழா. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. செலவு 37 கோடி ரூபாய்!

தகப்பனைத் தீயில் பறிகொடுத்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் 5 கோடி. ஆண்டு விழாவுக்கு வந்த பாலத்துக்கு 37 கோடி. இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நாம் எந்த வர்ணனையும் சேர்க்கத் தேவையில்லை.

வள்ளுவரோடு நமக்கு வழக்கில்லை

உடனே சிலர் கூப்பாடு போடுவார்கள்: "பார்த்தீர்களா, கம்யூனிஸ்டுகள் வள்ளுவருக்கே விரோதிகள்!" என்று. நிதானமாகப் பேசுவோம்.

வள்ளுவர் சிலைக்கு நாம் விரோதிகள் அல்ல. அந்தச் சிலைக்கு 1979-ல் அன்றைய பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். 1990-ல் வேலை தொடங்கியது. கணபதி ஸ்தபதியின் மேற்பார்வையில் கல்தச்சர்கள் பல ஆண்டு உளி பிடித்தார்கள். ஆறு கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. அந்த உழைப்பாளிகளின் கைத்திறனை யார் குறை சொல்ல முடியும்? கடல் கொந்தளிக்கும் நாளில் படகு நின்றுபோய், இவ்வளவு தூரம் வந்தும் சிலையருகே போகமுடியாமல் திரும்பிய ஜனங்களுக்குப் பாலம் ஒரு வசதி என்பதையும் மறுக்கவில்லை.

நம்முடைய கேள்வி வேறு. எது முதலில், எது பிறகு? யாருக்குக் கேளாமலே கிடைக்கிறது, யாருக்குக் கேட்டும் கிடைப்பதில்லை? அரசின் தொழில்களைச் சொல்லும்போது பொருளைச் சேர்ப்பதோடு வள்ளுவர் நிற்கவில்லை, காப்பதோடும் நிற்கவில்லை, அதை முறையாக வகுத்துச் செலவிடுவதையும் சொன்னார். சிலைக்கு வெள்ளி விழா எடுத்தவர்கள் அந்த 'வகுத்தல்' என்ற சொல்லுக்கு எப்போது விழா எடுப்பார்கள் என்றுதான் கேட்கிறோம்.

லண்டன் சொல்லும் பாடம்

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. முதலாளித்துவத்தின் தாய்வீடான பிரிட்டனில் என்ன நடந்தது?

1993-ல் அங்கே லாட்டரிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் 'மில்லேனியம் கமிஷன்' என்று ஒன்றை அமைத்தார்கள். லாட்டரிச் சீட்டு விற்ற பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஊர்ப் பூங்கா, பொது மண்டபம், பாலம், அருங்காட்சியகம் என்று புத்தாயிரத்தின் பேரால் பொதுத் திட்டங்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவன் யார்? கோடீசுவரனா? நாளைக்காவது விடியாதா என்று ஏங்குகிற ஏழைதான் வாங்குகிறான். ஏழையின் சட்டைப்பையிலிருந்து எடுத்த பணத்துக்குப் புத்தாயிர நிதி என்று பேர்!

அந்தப் பணத்தில் லண்டன் கிரீனிச்சில் ஒரு பெருங்கூடாரம் எழுந்தது. லாட்டரிப் பணம் மட்டும் 60 கோடிப் பவுனுக்கு மேல் அதற்குள் போயிற்று. ஓராண்டில் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் பார்க்க வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வந்தவர்கள் அறுபத்தைந்து லட்சம் பேர் அளவில்தான். 2000 டிசம்பர் 31-ல் காட்சியை மூடினார்கள். பிறகு அது தனியார் கைக்குப் போய்க் கேளிக்கை அரங்காயிற்று. ஏழை கட்டினான்; முதலாளி எடுத்துக்கொண்டான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அந்தக் கமிஷனிடம் பணம் கேட்டுப் போன ஊர்களுக்கெல்லாம் ஒரு நிபந்தனை இருந்தது: செலவில் ஒரு பங்கை நீங்களும் திரட்டிக்கொண்டு வாருங்கள். திரட்ட முடிந்தவனுக்கு நிதி, முடியாதவனுக்குக் கும்பிடு. இந்த நிபந்தனை நமக்குப் புதிதா? இல்லவே இல்லை!

'நமக்கு நாமே' - யாருக்கு யார்?

அதே காலத்தில், 1997-98-ல், தமிழ்நாட்டில் 'நமக்கு நாமே' திட்டம் வந்தது. ஊருக்கு ஒரு பொது வேலை வேண்டுமா? செலவில் நாலில் ஒரு பங்காவது மக்கள் கொடுக்க வேண்டும். மீதியைச் சர்க்கார் போடும். 2011-ல் ஆட்சி மாறியது, பெயரும் மாறியது. 'தன்னிறைவுத் திட்டம்' என்றார்கள். பங்கு மூன்றில் ஒன்றாக ஏறியது. 2021-ல் மறுபடி ஆட்சி மாறியது. பழைய பெயர் திரும்பி வந்தது. பங்கு மட்டும் நாலில் ஒன்றுக்குத் திரும்பவில்லை. பொதுவாக மூன்றில் ஒன்றாகவே நின்றது. சில இடங்களுக்குச் சலுகை காட்டிப் பங்கைக் குறைப்பதும் உண்டு. குறைத்தாலும் பங்கு பங்குதான். அதைக் கட்டினால்தான் வேலை.

பெயர் கேட்க எவ்வளவு இனிமை! நமக்கு நாமே! ஊர் கூடித் தேர் இழுக்கிற காட்சி கண்முன் வருகிறது. ஆனால் தேர் வடத்தில் யார் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

ஒரு கணக்குப் போடுவோம். பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வாழும் 250 வீட்டு ஊர் ஒன்று. அங்கே 15 லட்ச ரூபாயில் ஒரு பொது மண்டபம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு 5 லட்சம். வீட்டுக்கு 2,000 ரூபாய். நாள் கூலி 500 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், நாலு நாள் கூலியை முழுசாக எடுத்து வைத்தால்தான் அந்த 2,000 சேரும். மழை பெய்தால் வெடி காயாது, வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் வாரக்கணக்கில் ஆலைக் கதவு திறக்காது, வேலை இல்லை. அந்த நாட்களில் அடுப்பெரிவதே கடன் வாங்கித்தான். இந்த வீட்டிலா போய்ப் பங்குத்தொகை கேட்பது?

அப்படியானால் பங்கை யார் கட்டுகிறார்? வட்டாரத்தில் வசதி படைத்தவர் கட்டுகிறார். ஆலை முதலாளி கட்டுகிறார். காண்ட்ராக்டர் கட்டுகிறார். அவர் 5 லட்சம் போடுகிறார். மக்கள் வரிப்பணம் 10 லட்சம் அதோடு சேர்கிறது. வாசலில் பதித்த கல்லில் யார் பெயர்? 5 லட்சத்தின் பெயர்! 10 லட்சம் கொடுத்த ஜனங்களின் பெயர் எங்கே? எந்த வேலையை எடுப்பது என்று சொல்வதும் பங்கு கட்டியவர்தான். பாதியோ அதற்கு மேலோ கட்டினால் வேலையைத் தாமே எடுத்துச் செய்யவும் விதியில் இடமுண்டு.

கதை இதோடு முடியவில்லை. நாளைக்கு அதே முதலாளியின் ஆலையில் ஓர் அறை வெடிக்கிறது. ஓர் அறைக்கு நாலு பேர் என்ற விதி இருக்க, பத்துப் பேரைத் திணித்து வைத்திருந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில். அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து வேலை வாங்கியவர்கள் வேறு பேர். இதைக் கண்ணால் கண்டவன் பக்கத்து அறையில் இருந்த தொழிலாளி. சாட்சி சொல்ல அவன் வாய் திறக்கப் போகிறான். ஊர்ப் பெரியவர்கள் வந்து என்ன சொல்வார்கள்? "மண்டபம் கட்டிக் கொடுத்த அண்ணாச்சி மேலயா சாட்சி சொல்லப் போற?" என்பார்கள். தோழர்களே, அந்தப் பங்குத்தொகையின் முழு விலை அன்றைக்குத்தான் தெரியும். அண்ணாச்சிக்கு அது தர்மம் மட்டும் அல்ல. மலிவாக வாங்கிய காப்பீடு!

பங்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது!

அதிகாரிகள் ஒரு நியாயம் சொல்வார்கள்: "மக்கள் கைப்பணம் போட்டால்தான் பொதுச் சொத்தைத் தமது என்று நினைப்பார்கள், சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள்."

சும்மாவா? பட்டாசுக்கு ஜிஎஸ்டி வரி 2017-ல் நூற்றுக்கு 28 ரூபாயாக வந்தது; அந்த ஆண்டு நவம்பரில் 18 ஆயிற்று. இந்தத் தொழிலாளி மருந்து அடைத்து, திரி சொருகி, தாள் சுற்றி உருவாக்கிய ஒவ்வொரு நூறு ரூபாய்ச் சரக்கின் மேலும் பதினெட்டு ரூபாய் மத்திய, மாநில கஜானாக்களுக்குப் போகிறது. அவன் கை உழைக்காவிட்டால் அந்த வரி எங்கிருந்து வரும்? அவன் பங்கு கேட்கும் முன்பே போய்விட்டது. ஒரு முறை எடுத்ததை மறுபடியும் கேட்பதற்குப் பெயர் 'மக்கள் பங்களிப்பு'!

இன்னொரு பங்கும் கட்டியிருக்கிறோம். அதை எந்தக் கஜானாவும் வரவில் வைக்கவில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: நாற்பதை நெருங்கிய உயிர்கள். வெந்து துடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: இருபது பேரளவில். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம்: பன்னிரண்டுக்கு மேல், அவர்களில் பெண்களே அதிகம். 2024 மே 9, செங்கமலப்பட்டி: குறைந்தது எட்டு. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி: குறைந்தது எட்டு.

இடையில் ஒரு தேதியை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். 2022 ஜனவரி 1. உலகம் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த காலை. முந்தின இரவு நகரங்களில் வெடித்த வாணத்தின் புகை அடங்கியிராது. களத்தூர் ஆலையில் வெடி வெடித்துக் குறைந்தது நாலு பேர் மாண்டார்கள். சிலை திறந்த அதே தேதி. இருபத்திரண்டு ஆண்டு இடைவெளி. புத்தாண்டுப் பரிசாக நாலு வீட்டுக்குப் பிணம் வந்தது.

இவை விதியா? இல்லை. மணிமருந்து உராய்ந்தால் வெடிக்கும் என்பது தெரியாத ரகசியமா? வெயில் ஏறுமுன் மருந்துக் கலவை முடிய வேண்டும் என்பது புதுக் கண்டுபிடிப்பா? எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் உழைப்பாளி அவசரப்படுவான். அவசரப்பட்டால் கை தவறும். லாபத்துக்காக அந்த அவசரத்தை உண்டாக்கியவன் மேலே இருக்கிறான்; எரிந்து போகிறவன் கீழே இருக்கிறான்.

மதிக்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுவோம். களத்தூர் விபத்து நடந்த பதினோராம் நாள், 2022 ஜனவரி 12-ல், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எந்த ஊரும் மூன்றில் ஒரு பங்கு கட்டவில்லை. இது ஜில்லா ஜனங்களுக்குச் சேர வேண்டிய நியாயம், கிடைத்தது, பாராட்டுகிறோம். அந்த ஆஸ்பத்திரியை மக்கள் மதிக்காமல் காலியாகவா விட்டுவிட்டார்கள்? வெளிநோயாளி வரிசையில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும் அந்த நியாயம் பேசுகிறவர்கள்!

பங்கு கட்ட வேண்டிய ஆள் வேறு

பங்குத்தொகை என்ற ஏற்பாட்டையே நாம் எதிர்க்கவில்லை. ஆளைத்தான் மாற்றச் சொல்கிறோம். அதற்கு வழிகாட்டி இந்த மண்ணிலேயே பிறந்திருக்கிறது.

சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். சர்க்கார் அந்தக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த நிதியின் வருமானம் குழந்தையின் குடும்பத்துக்கு.

கவனியுங்கள்! இதுவும் பங்குத்தொகைத் திட்டம்தான். ஆனால் இங்கே பங்கு கட்டுகிறவன் யார்? லாபம் எடுத்தவன். சேர்த்துப் போடுவது யார்? சர்க்கார். எதுவும் கட்டாமல் பெறுவது யார்? பாதிக்கப்பட்ட குடும்பம். வசூல் எந்த அளவு நடந்தது, எத்தனை முதலாளிமார் தப்பினார்கள் என்பதெல்லாம் தனிக் கதை. நியதி இருக்கிறதே, அது நியாயமான நியதி. 'நமக்கு நாமே' அந்த நியதியைத் தலைகீழாக நிறுத்தியது. ஏழை ஊரைப் பார்த்து "நீ முதலில் போடு" என்கிறது.

சூலக்கரை மேட்டிலிருந்து

சூலக்கரை மேட்டுக்குத் திரும்புவோம். 1956 ஜூலை 27-ல் தியாகி சங்கரலிங்கனார் தம் உண்ணாவிரதத்தைத் தொடங்கிய இடம் இதுதான். பிறகு விருதுநகர் தேசபந்து மைதானத்தில் தொடர்ந்தார். மதராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது அவர் கோரிக்கைகளில் ஒன்று. அதை எல்லாரும் அறிவார்கள். ஆள்கிறவர்கள் ஆடம்பரம் விட்டு எளிமையாக வாழ வேண்டும் என்பதும் அவர் கோரிக்கைகளில் ஒன்று. அதைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். அக்டோபர் 13-ல் மதுரை ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. தம் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார். தோழர்கள் கே.டி.கே. தங்கமணியும் கே.பி. ஜானகியம்மாளும் அதைப் பெற்று இறுதி மரியாதை செய்தார்கள்.

1969-ல் பெயர் வந்தது. பல பத்தாண்டு கழித்து அவருக்கு மணிமண்டபமும் வந்தது. எளிமை மட்டும் வரவில்லை! எளிமை கேட்டவருக்குக் கல்மண்டபம். வகுத்துண்ணச் சொன்னவருக்குக் கண்ணாடிப் பாலம். கேட்டதைக் கொடுக்காமல் கேட்டவருக்குச் சிலை வைப்பது ஆளும் வர்க்கம் நெடுங்காலமாகச் செய்துவரும் வித்தை.

சூலக்கரைப் பக்கத்தில்தான் ஜில்லா கலெக்டர் அலுவலகம் இருக்கிறது. புதுக் கட்டடம் அடுக்கு மேல் அடுக்காக எழுந்து 2024 நவம்பரில் திறப்பு விழாவும் கண்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மனுவோடு வந்து நிற்கிற ஜனங்களில் பட்டாசு ஊர்களின் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் பாலம் கேட்டு வருவதில்லை. புருஷன் செத்ததற்கு இழப்பீடு, பிள்ளைக்குப் படிப்பு, தெருவுக்குத் தண்ணீர், விபத்து நடந்தால் உடனே வந்து நிற்க ஒரு ஆம்புலன்ஸ். இவ்வளவுதான் மனு.

நாம் கேட்பது

ஆகவே நாம் கேட்கிறோம்:

1. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் பொது வேலைக்கு மக்கள் பங்குத்தொகை என்ற நிபந்தனையை அடியோடு நீக்கு!

2. அந்தப் பங்கை ஆலை முதலாளிமாரிடமிருந்து உற்பத்தி அளவுக்கு ஏற்பச் சட்டப்படி வசூலி! அது தர்மமாக வேண்டாம், கடமையாக வரட்டும். கல்லில் அவர்கள் பெயரும் வேண்டாம்.

3. விபத்தில் மாண்டவர்களின் பிள்ளைகளுக்கான 5 கோடியை ஓர் ஆரம்பமாக மட்டும் கொள்! ஒரு பிள்ளைகூட விடுபடாதபடி ஆண்டுதோறும் பட்ஜெட்டிலேயே நிதி ஒதுக்கு!

4. உள்குத்தகையை ஒழி! உரிமம் பெற்றவனையே விபத்துக்குப் பொறுப்பாக்கு! சாட்சி சொல்லும் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கொடு!

5. எந்த விழாவுக்கும், எந்த ஆண்டு நிறைவுக்கும் பொதுப் பணம் ஒதுக்கும்போது அதே அளவு பணத்தைத் தொழிலாளர் ஊர்களின் குடிநீருக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒதுக்கு! பங்குத்தொகை நியாயம் பேசுகிறவர்கள் அந்த நியாயத்தை முதலில் விழாக்களுக்குப் பொருத்தட்டும்!

இவை யாரும் கொடுத்து வருபவை அல்ல. கருந்திரி சுற்றும் பெண்களும், மருந்து அடைக்கும் ஆண்களும், தாள் ஒட்டும் முதியவர்களும் ஜாதி பாராமல் ஒரே சங்கத்தில் நின்றால் வரும். ஊர்ப் பெரியவர் வந்து "அண்ணாச்சி மேலயா சாட்சி?" என்று கேட்கும்போது, "ஆமாம், செத்தது எங்க ஆளு" என்று ஊரே சேர்ந்து பதில் சொன்னால் வரும்.

இந்த மண்ணின் தொழிலாளி உலகத்துக்கு வெளிச்சம் செய்து கொடுத்தான். புத்தாயிரம் பிறந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் அவன் பங்கை இனி அவன் கேட்டு வாங்கட்டும்!

பட்டாசுத் தொழிலாளர்களே, ஒன்றுபடுங்கள்!